அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி

என் மகன் பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினார். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணியைப் பிழிய ஆரம்பித்த யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போனது மாதிரி. கட்டிலில் கிடந்த மனைவியிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது: "நடுவுல ஏதாவது மாத்திரைய மாத்திப் போட்டுட்டியா?"

அவள் பதில் சொல்லவில்லை. துணியை இழுத்துக் குழந்தையின் காலை மூடினாள்.

ஏழு வருடம் ஆகிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒரு நண்பர் வீட்டில், இரண்டரை வயதாகியும் பேச்சு வராத குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மாவிடம், வந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "பிள்ளைய நீ கொஞ்சிப் பேசுறதே இல்லையோ?" அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். என்னைத் தொடர்ந்து எல்லோரும் அவளைக் கேட்டார்கள். வழுக்கி விழுந்தாயா, வெயிட் தூக்கினாயா, ஒருக்களித்துப் படுக்கவில்லையா, எதையாவது நினைத்து அழுதுகொண்டே இருந்தாயா. என்னை ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அப்போது 38 வயது. குழந்தையில் பாதி என்னுடையது என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பின்னால் படித்தபோது சிரிப்பு வந்தது. 2012இல் ஐஸ்லாந்துக் குடும்பங்களின் மரபணுக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அப்பாவின் வயது ஒவ்வொரு வருடம் கூடும்போதும் குழந்தைக்குப் போகும் புது மரபணு மாற்றங்கள் சுமார் இரண்டு கூடுகின்றன என்று கண்டார்கள். குட்டை உருவத்தைத் தரும் அகாண்ட்ரோபிளாசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சராசரி உயரமுள்ள பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் புது மாற்றம் ஏறக்குறைய எப்போதும் அப்பாவின் விந்தணுவில் நேர்ந்தது. அதற்காக இனி அப்பாக்களைக் கூண்டில் ஏற்றுங்கள் என்று சொல்லவில்லை. இது யாரும் செய்த தப்பு இல்லை. ஆனால் விசாரணை என்று வந்தால் ஒரே ஒரு ஆளை மட்டும் நிறுத்திக் கேட்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த அன்றே அவள் குழந்தைக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டாள். வெள்ளைச் சாக்ஸ், முழங்கால் வரை. குளிப்பாட்டும்போது கதவைத் தாழ்போட்டுக்கொள்வாள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வாரத்துக்குள் எலும்பு மருத்துவரைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. நான் கேட்டால், "கொஞ்ச நாள் போகட்டுங்க" என்பாள். நானும் சரி என்பேன். டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்பார் என்று அவள் பயந்திருக்கிறாள். அது எனக்குத் தெரிய வருடங்கள் ஆயின.

ஆறாவது வாரம் தடுப்பூசிக்குப் போனபோது, தொடையில் ஊசி போட நர்ஸ் சாக்ஸை உருவினார். ஒரு நிமிடம் பேசாமல் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். "எப்பம்மா காட்டப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். "ஏன் இப்படி" என்று கேட்கவில்லை. என் மனைவி அங்கேயே உடைந்து அழுதாள். அன்று மதியமே எலும்பு மருத்துவரிடம் போனோம்.

அவர் சொன்னது: இதற்குப் பெயர் கிளப் ஃபுட், வளைபாதம். சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு. பிறந்த முதல் வாரங்களில் கட்ட ஆரம்பித்தால் சுலபம், ஆறு வாரமும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. வாரம் ஒரு முறை பாதத்தைக் கையால் மெல்ல நீவித் திருப்பி, திரும்பிய அந்த நிலையிலேயே விரல்களின் அடியிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. அடுத்த வாரம் அதைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் திருப்பி, புதுக் கட்டு. மொத்தம் ஐந்தாறு கட்டு.

கழற்றும் நாள் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து மாவைக் கூழாக்குவோம். உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கி, புளித்த வாடை அடிக்கும். அந்த அரை மணி நேரம்தான் வாரத்தில் அவன் காலை வெளியில் பார்ப்போம். கட்டுக்கு வெளியே விரல்கள் ஐந்தும் பயறு மாதிரி எட்டிப் பார்க்கும். கட்டைவிரலை அழுத்தி விடவேண்டும். வெளுத்து, உடனே சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. நிறம் திரும்பவில்லை என்றால் கட்டு இறுக்கம், ஓடவேண்டும். முதல் ராத்திரி அவள் எத்தனை முறை அழுத்திப் பார்த்தாள் என்று எண்ணவில்லை. நான் தூங்கிவிட்டேன்.

ஐந்தாவது கட்டுக்குப் பிறகு, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு. மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதன்பின் இரண்டு ஷூக்களை ஒரு கம்பியில் பொருத்திய பிரேஸ். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நாலு வயது வரை தூங்கும்போது. பெற்றோர் கோட்டை விடுவது இங்கேதான். கால் நேராகிவிட்டதே, பிள்ளை அழுகிறதே என்று கழற்றிவிடுவார்கள். பாதம் பழையபடி திரும்பிவிடும். எங்கள் மருத்துவர், "கட்டுப் போடுறது என் வேலை, ஷூ போடுறது உங்க வேலை. உங்க வேலைதான் பெருசு" என்பார். நடுராத்திரியில் அந்தக் கம்பி தொட்டில் சட்டத்தில் இடிக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த முறையைக் கண்டவர் இக்னேசியோ பொன்செட்டி. ஸ்பெயின்காரர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்குப் போனார். 1963லேயே இதைக் கட்டுரையாக வெளியிட்டும் அறுவை மருத்துவர்களில் பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை, கத்தி எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். 1990களின் கடைசியில் இணையம் வந்தபிறகு, பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் இது உலகம் முழுக்கப் போனது. அம்மாக்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

சரி, ஏன் வந்தது? மருத்துவரிடமே கேட்டேன். "தெரியாது" என்றார். மழுப்புகிறார் என்று நினைத்தேன். இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை அலசி 2017இல் வெளியான ஆய்வில், பெரிய பிறவிக் குறைபாடுகளில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் திட்டவட்டமான காரணம் சொல்ல முடிந்தது. மருத்துவமே நாலுக்குக் கையை விரிக்கிற இடத்தில், சொந்தக்காரர்கள் ஐந்துக்கும் காரணம் வைத்திருக்கிறார்கள்.

சொந்தக்காரர்களை மட்டும் சொல்லவும் முடியாது. படித்தவர்கள் செய்த அநியாயம் இன்னும் பெரிது. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் பதினோரு குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தார். பெற்றோர்களிடம் ஒட்டுதல் குறைவு என்று அவர் எழுதிய வரிகள் வளர்ந்து, 'குளிர்சாதனப் பெட்டி அம்மா' என்றே ஒரு கோட்பாடு ஆகிவிட்டது. அம்மா அன்பு காட்டாததால்தான் பிள்ளை தனக்குள் போய்விட்டதாம். 1960களில், சிகாகோவில் குழந்தைகள் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பரப்பினார். பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிப்பதே வைத்தியம் என்றார். மறுத்து எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. கானரே 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில், உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று சொல்ல வேண்டிவந்தது. அந்தப் பெரியவர் நண்பர் வீட்டில் கேட்டது அதே பழைய கோட்பாடுதான், அவருக்கே தெரியாமல்.

அது போனதும் அடுத்தது வந்தது. 1998இல் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரை, தட்டம்மைக்கும் இன்னும் இரண்டு நோய்களுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசி மேல் பழியைத் திருப்பியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் "நான்தானே ஊசிக்குத் தூக்கிட்டுப் போனேன்" என்று அழும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த ஊசியின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் ஒரேயடியாக வருவதைக் கவனித்தார். காத்திருந்த அம்மாக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்பார்கள்: கர்ப்பத்தில் எல்லோருக்கும் ரூபெல்லா அம்மை வந்திருந்தது. அம்மாக்களைக் குறுக்கு விசாரணை செய்யாமல் காது கொடுத்ததால் ஒரு காரணம் கிடைத்தது. எம்எம்ஆரில் உள்ள 'ஆர்' அந்த ரூபெல்லாதான். பிறவிக் குறைபாட்டைத் தடுக்கிற ஊசியின் மேலேயே பழியைப் போட்டோம்!

அதனால் அம்மாவிடம் கேட்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் கேட்கத்தான் வேண்டும். கேட்கிற விதம் இருக்கிறது. தாலிடோமைடு மாத்திரையை 1957 முதல் 1961 வரை கர்ப்பிணிகள் விழுங்கியது பாதுகாப்பானது என்று சொல்லித் தரப்பட்டதால்தான். கைகால் வளராமல் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பிறந்தார்கள். தயாரித்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012இல். அத்தனை வருடமும் அந்த அம்மாக்கள் தங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் அப்படித்தான். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் கருவுற்ற 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போனதே தெரியும். எனவே கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் வேண்டும். முதல் குழந்தைக்கு அந்தக் குழாய் சரியாக மூடாத குறை இருந்தால் அடுத்ததற்கு டாக்டர் அதிக அளவு தருவார். அப்படி அதிக அளவு கொடுத்துப் பார்த்து 1991இல் பிரிட்டன் முடித்த ஆய்வில், குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் 1998இலேயே மாவில் கலப்பது கட்டாயம் ஆகிவிட்டது. ஆய்வு நடத்திய பிரிட்டன் அதை அறிவித்தது 2021இல். இதில் "நீ ஏன் சாப்பிடல?" என்று எந்தப் பெண்ணைக் கேட்பது?

எனக்கு ஆத்திரம் வருவது நாள் வீணாவதில்தான். பழிக்குப் பயந்தவர் மறைப்பார், மறைத்தால் நாள் போகும். சில குறைகளுக்கு ஆறு வாரம் கிடையாது. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் மூளை பிழைக்கும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை போகாமல், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். அறுபது நாளுக்குள் அறுவை செய்தால் ஈரலுக்கு நல்ல வாய்ப்பு. தைவானில் 2004 முதல் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையைக் குழந்தைப் புத்தகத்திலேயே வைத்துக் கொடுக்கிறார்கள். காது கேட்கிறதா என்று ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியோ சிகிச்சையோ. ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் "இடதுகைக்காரன்!" என்று மெச்சவேண்டாம், மறு கையில் பலம் இருக்கிறதா என்று காட்டுங்கள். ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டாத, பெயர் சொன்னால் திரும்பாத, பேசிய சொற்களை இழந்த பிள்ளைக்கு "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்பது பதில் ஆகாது.

நண்பரின் மனைவியிடம் நான் அன்று ஒன்றும் கேட்கவில்லை. காது பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் யாரைப் பார்க்கலாம் என்று என் மனைவிதான் எழுதிக் கொடுத்தாள்.

நேற்று ராத்திரி பழைய போட்டோவில் மாவுக்கட்டோடு தன்னைப் பார்த்துவிட்டு மகன் கேட்டான்.

"எனக்கு ஏம்மா கால் அப்படி இருந்துச்சு?"

"தெரியலடா கண்ணா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் போட்டோவையும் தன் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்புறம் எப்படிம்மா சரி பண்ணாரு?"