அக்கி என்ற பெயரால் வரும் குழப்பம்

பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸை (பாலுறவால் பரவும் வைரஸ் கொப்புள நோயை) நான் படித்த ஒரு கட்டுரை வெறுமனே ‘அக்கி’ என்று எழுதியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. நம் ஊர்களில் அக்கி என்றால் விலாவிலோ இடுப்பிலோ பட்டையாகக் கிளம்பும் கொப்புளங்களையே பெரும்பாலும் நினைப்பார்கள். அது உடலில் தங்கிவிட்ட சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் கழித்துத் தலைதூக்குவதால் வருவது, பாலுறவால் வருவதன்று.

நான் தோல்நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்தபோது, மணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண், பிறப்புறுப்பில் வந்த ஹெர்பிஸை அக்கி என்று நினைத்து, குயவரிடம் வாங்கிய செங்காவியைத் தாமே குழைத்துப் பூசி, அது புண்ணோடு காய்ந்து ஒட்டிக்கொண்ட நிலையில் வந்தார். காவியை உப்புநீரால் நனைத்து எடுத்தபோது அவர் கேட்டது வலியைப் பற்றியல்ல, “இது யாரால் வந்தது?” என்பதைத்தான். ஹெர்பிஸ் வைரஸ் முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் அறிகுறியே இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், முதல் கொப்புளத்தை வைத்து எவருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது. இதைக் கட்டுரை சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் சண்டை தவிர்ந்திருக்கும்.

பாலுறவால் பரவும் இன்னொரு நோயான மேகப்புண்ணை (சிபிலிஸை) பென்சிலின் குணமாக்கும். ஆனால் ஹெர்பிஸுக்குத் தரும் அசைக்ளோவிர் மருந்து புண்ணை விரைவில் ஆற்றுமே தவிர, வைரஸை வெளியேற்றாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இது முதன்முறையாகத் தொற்றினால் பிரசவத்தின்போது குழந்தைக்கும் பரவும் ஆபத்து மிக அதிகம். கர்ப்பிணிகள் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.