சேர்ப்பது சுலபம், பார்த்துக்கொள்வதுதான் வேலை

சில வருடங்கள் ஓர் இணைய அடைவில், அதாவது இணையதளங்களைத் துறைவாரியாகப் பட்டியலிடும் தளத்தில், வானியல் பிரிவுக்குத் துறை ஆசிரியராக இருந்தேன். சம்பளம் கிடையாது. யாராவது ஒரு தளத்தைப் பரிந்துரைத்தால் படித்துப் பார்த்து, தேறினால் இரண்டு வரிக் குறிப்போடு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். வந்ததில் பாதி சோதிடத் தளங்கள் என்பது தனிக்கதை.

கஷ்டமெல்லாம் சேர்த்த பிறகுதான். செத்துப்போன லிங்க்கைக் கண்டுபிடிக்க மனிதர் தேவையில்லை. 1998-இல் தொடங்கிய டிமோஸ் அடைவில் ரோபோசில்லா என்றொரு நிரல் அந்த வேலையைச் செய்தது. ஆனால் சில தளங்களில் லிங்க் உயிரோடிருக்கும், உள்ளே ஆள் மாறியிருக்கும். தொலைநோக்கி பற்றி அருமையாக எழுதியவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார். அதே முகவரியில் வேறொருவர் சூதாட்டம் நடத்திக்கொண்டிருப்பார். பக்கம் திறக்கிறது, ஆகவே நிரலுக்கு எல்லாம் சரி.

இதைவிடச் சிக்கல், எதுவுமே மாறாத தளம். சர்வதேச வானியல் ஒன்றியம் 2006-இல் புளூட்டோவைக் குறுங்கோள் பட்டியலில் சேர்த்துவிட்டது. பல வருடம் கழித்தும் ஒரு பக்கம் ஒன்பது கோள்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தூக்கிவிடலாமா? அதே பக்கத்தில் சனியின் வளையங்களைப் பற்றி இருந்த விளக்கம் போல் வேறெங்கும் நான் படித்ததில்லை. கடைசியில் எடுக்கவில்லை, 'கோள்களின் பட்டியல் பழையது' என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். துறை ஆசிரியர் என்று ஒருவர் வேண்டும் என்று நான் சொல்வது இந்த ஒரு வரிக்காகத்தான்.

அப்புறம் எல்லைத் தகராறு. விண்கற்கள் வானியலில் வருமா, நிலவியலில் வருமா என்று அந்தப் பிரிவு ஆசிரியரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். இரண்டு பக்கமும் லிங்க் வைத்து முடித்தோம்.

யாஹூ அடைவு 2014-இலும், டிமோஸ் 2017-இலும் மூடப்பட்டன. தேடுபொறி கொன்றுவிட்டது என்பார்கள். பாதி உண்மை. டிமோஸில் பரிந்துரைகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன, வேண்டியவர்களுக்கே இடம் என்ற புகாரும் இருந்தது. ஆசிரியர் போய்விட்ட பிரிவு வெளியே இருந்து பார்க்க ஆசிரியர் இருக்கும் பிரிவு போலவே தெரியும், அதுதான் வினை.

ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம் 1995-இலிருந்து இன்றும் நடக்கிறது. துறைவாரியாக ஆசிரியர்கள் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் எப்போது வெளிவந்தது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று தேதி இருக்கும். அடைவிலும் ஒவ்வொரு பதிவுக்கும் இப்படிக் 'கடைசியாகப் பார்த்த தேதி' போடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். தளம் பழசாகத் தெரியும் என்று மறுத்துவிட்டார்கள்.

நான் விலகி வெகுகாலம் ஆன பிறகும் வானியல் பிரிவின் அடியில் ஆசிரியர் என்று என் பெயர்தான் இருந்தது.