ஒரு வெள்ளி கிளினிக்குக்கு ஒரு நாள் கூலி

"கவர்மெண்ட் கிளினிக்கில் ஒரு வெள்ளிதானே, போய்க் காட்டினால் என்ன?" என்று இனி யாரும் என்னிடம் கேட்காதீர்கள். வயிறு எரிகிறது. நாங்கள் இருப்பது மலேசியாவில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில்; வெள்ளி என்பது எங்கள் பணம், ரிங்கிட்.

அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. நேற்று இரத்தப் பரிசோதனை. முதல் நாள் இரவிலிருந்து வெறும் தண்ணீர்தான். எங்கள் தோட்டத்துக்குள் பஸ் வருவது நின்று பல வருடமாகிறது. விடியுமுன் வாடகைக் கார் பிடித்தோம், போக 25 வெள்ளி. ஏழரைக்கு நம்பர் எடுத்து உட்கார்ந்தால் பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, "இரத்தம் எடுக்கும் நேரம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்" என்கிறார்கள்! அம்மாவுக்குக் கை நடுக்கம். அந்த மிஸ்ஸி (நர்ஸ்) மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் காலையிலிருந்து ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். இத்தனை தோட்டத்துக்கும் அந்த ஒரே கிளினிக்கை வைத்துவிட்டு ஆள் போடாதவர்கள் மேல்தான் கோபம்.

திரும்பி வர இன்னொரு 25. அம்மா தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறார். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்றால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. அதுவும் போச்சு. செக்கப்புக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) தருவதில்லை, வந்துபோன நேரத்தைக் குறிக்கும் டைம் ஸ்லிப்தான். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் போடமாட்டார், அதாவது அன்றைய வேலைநாளைக் கணக்கில் எழுதமாட்டார். ஆக, அந்த ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு எங்களுக்கு ஆன செலவு 116 வெள்ளிக்கு மேல். வைத்தியமும் நடக்கவில்லை.

பாட்டி காலத்தில், பால்மரம் (ரப்பர்) இருந்தபோது, தோட்டத்திலேயே டிரஸர் (மருத்துவ உதவியாளர்) இருந்தார். காய்ச்சலோ வெட்டுக்காயமோ, பெரட்டு (காலைப் பேர்க் கணக்கெடுப்பு) முடிந்ததும் அவரிடம் போவார்கள். இந்த டிரஸர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே போட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த டிஸ்பென்சரி இப்போது உரம் அடுக்கும் ஸ்டோர்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். எங்கள் லைன் வீட்டு வரிசையில் வீட்டுக்கு ஒருவர். எதிர்வீட்டுப் பெரியப்பா குலை வெட்டுபவர். காலில் சின்னப் புண். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று மூன்று மாதம் மஞ்சள் பற்றுப் போட்டே சமாளித்தார். கடைசியில் பாதத்தை எடுத்தார்கள். ஒற்றைக் காலோடு செம்பனைக் குலை வெட்ட முடியுமா? வருமானம் நின்றது, மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டணத்தில் லாரி கழுவுகிறான், மளிகைக் கடையில் கடன் நோட்டு நிரம்பிவிட்டது. எங்கள் பட்டணத்துக் கடைகளெல்லாம் தோட்டத்துச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கின்றன. நாங்கள் படுத்தால் அவர்களும்தான் படுப்பார்கள். கிட்னி போனால் வாரம் மூன்று தடவை, நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ். இங்கிருந்து எந்தக் காரில் போவது?

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதற்காக மழையிலும் லாரி உள்ளே வருகிறது. அதே ரோட்டில் மாதம் ஒருமுறை ஒரு வேன், ஒரு மிஸ்ஸி, இரத்தம் எடுக்க நாலு ஊசி வந்தால் போதும். இதைத்தான் கேட்கிறோம்.

அடுத்த செவ்வாய் மறுபடி போகவேண்டும். காலையில் அம்மா சொல்கிறார்: "இந்த மாசம் வேணாம் தம்பி, ஏற்கெனவே ஒரு பேர் போச்சு."