கால்வாய் நகரங்களுக்கு அழைத்துப்போய், காணவிடாத கப்பல்

ஆம்ஸ்டர்டாமில் ஏறி, நெதர்லாந்தையும் பெல்ஜியத்தையும் ஆற்று வழியாகச் சுற்றிவரும் கப்பல் பயணத்துக்குக் கல்லூரிக் காலத்துத் தோழிகள் நாங்கள் சேர்ந்து பணம் கட்டியது, பழைய கால்வாய் நகரங்களில் ஆற அமர நடக்க வேண்டும் என்ற ஒரே ஆசையால்தான். அந்த நகரங்களின் படங்களை அட்டை முதல் அட்டை வரை அச்சிட்டு எங்களிடம் பயணத்தை விற்ற நிறுவனம், அவற்றைப் பார்ப்பதற்கான நேரத்தை மட்டும் தரவே இல்லை.

பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். கப்பல் நின்றது கென்ட் நகருக்கு வெளியே, சரக்குக் கிடங்குகளுக்கு நடுவில். காலை உணவு முடிந்து, தலைகளை எண்ணி, வராதவர்களுக்குக் காத்திருந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேருந்தில் போய், மின்னவாட்டர் ஏரிக்கு அப்பால் இறங்கி நடந்து ஊருக்குள் நுழைந்தபோது, மதிய உணவுக்குக் கப்பல் திரும்ப மூன்று மணி நேரமே மிச்சம். அதிலும் பெரும்பகுதி வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் போயிற்று. காதில் மாட்டிய கருவியில் அவர் பேசிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் நிற்கும் தோழியிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. ரோசன்ஹூட்காய் கரையில், தண்ணீரிலிருந்தே நேராக எழும் செங்கல் சுவரில், பாசி படிந்த இரண்டு படிகளுக்கு மேல் ஒரு சின்னஞ்சிறு கதவு இருந்தது. வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற தோழி என் கையைப் பிடித்து அதைக் காட்டினாள். கருவியைக் கழற்றி அவள் சொல்வதைக் கேட்பதற்குள் கூட்டம் திருப்பத்தைக் கடந்துவிட்டது. நாங்கள் ஓட வேண்டியிருந்தது. தோழிகளாகச் சேர்ந்து போய்விட்டு, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக்கூட முடியாமல் ஓடுவதற்கா இத்தனை செலவு?

அந்த நகரம் இன்று இப்படி நிற்பதற்கே ஒரு காரணம் உண்டு. 1134இல் வீசிய புயல் கடலிலிருந்து நகரை நோக்கித் திறந்துவிட்ட ஸ்வின் நீர்வழியால் புரூஜ் வணிகத்தில் கொழித்தது. பின்னர் அந்த வழி வண்டல் படிந்து தூர்ந்துபோக, வணிகர்கள் ஆண்ட்வெர்ப்புக்கு இடம் பெயர்ந்தார்கள். பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாத ஊரானதால்தான் அந்த வீடுகள் பிழைத்தன. 1441இல் இந்த ஊரில் இறந்த ஓவியர் யான் வான் ஐக்கின் பெயரிலுள்ள சதுக்கம்வரை ஒரு காலத்தில் கால்வாய் வழியே சரக்கு வந்தது. சந்தைச் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைதான். எங்கள் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 366 படிகள் கொண்ட மணிக்கூண்டைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எங்களில் ஒருத்தி யாழ்ப்பாணத்துப் பெண். அவளுடைய அம்மாவின் ஊர் நெடுந்தீவு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் அந்தத் தீவுக்குச் சூட்டிய பெயர்தான் டெல்ஃப்ட். அந்தக் கடலோடிகளை அனுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டெல்ஃப்ட் கிளை இயங்கிய கட்டடம் இன்றும் ஊதே டெல்ஃப்ட் கால்வாய்க் கரையில் நிற்கிறது. அதன் வாசலில் சற்று நேரம் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. நேரமில்லை என்றார்கள். ஆனால் நீலப் பீங்கான் விற்கும் கடையில் எங்களை நிறுத்திவைக்க மட்டும் முக்கால் மணி நேரம் இருந்தது! கால்வாயின் ஒரு பகுதியைத் தூர்த்து எழுப்பியதால் சாய்ந்துபோன கோபுரத்தை உடைய பழைய தேவாலயத்தில்தான் ஓவியர் வெர்மீரின் கல்லறை இருக்கிறது. அதையும் வெளியிலிருந்தே பார்த்தோம்.

கேட்டால், நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் கப்பலைக் கடத்திவிடும் நீர்ப்பூட்டுகளில் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும், துறையில் இடம் கிடைப்பது அரிது என்று காரணம் சொல்கிறார்கள். துறையில் நெரிசல் உண்மைதான். ஆம்ஸ்டர்டாமில் எங்கள் கப்பலை ஒட்டி இன்னொரு கப்பலைக் கட்டினார்கள், கூடுதல் பணம் கட்டி வாங்கிய பால்கனிக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் அந்நியர் ஒருவரின் திரைச்சீலை தொங்கியது. ஆனால் மாலை ஐந்து மணிக்கே எங்களைத் திரும்ப வரச்சொன்னது நீர்ப்பூட்டுக்காக அல்ல, கேப்டன் தரும் விருந்துக்காக. ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். பகல் கூட்டம் கலைந்து, ஊர்க்காரர்கள் கரையில் வந்து உட்காரும் அந்த நேரத்தில், நாங்கள் கப்பலுக்குள் ஐந்து வகை உணவுக்காக வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

ஆற்றுச் சுற்றுலாக் கப்பல்களின் வருகையை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைப்பதாக ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2024இல் அறிவித்தது. அந்த ஊர்க்காரர்கள் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. கூட்டமாக வந்து, தெருவை அடைத்து நின்று, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடும் எங்களால் அவர்களுக்கு என்ன பயன்? அப்படி நடந்துகொள்ளும்படி எங்களை ஆட்டுவித்தது இந்தக் கால அட்டவணைதான். ஒவ்வொரு ஊரிலும் பயணி தன் காலில் தன் விருப்பப்படி நடக்க எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை, உணவுப் பட்டியலை அச்சிடும் அதே பெரிய எழுத்தில், பணம் வாங்கும் முன்பே அச்சிட்டுத் தரட்டும்; ஒரு கால்வாய் நகரிலாவது கப்பலை இரவு முழுவதும் நிறுத்தட்டும்.