12 வோல்ட் காட்டினால் மோட்டார் போச்சா?

டிரெய்லர் நிற்கும்போது ஆடாமல் தாங்கிப் பிடிக்கும், மோட்டாரில் இறங்கும் கால்தான் ஸ்டெபிலைசர் ஜாக். "மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறது, ஆனால் ஸ்டெபிலைசர் ஜாக் அசையவில்லை, அப்போ மோட்டார் காலி" என்பது பாதி உண்மைதான். அவசரப்பட்டு மோட்டார் வாங்கிவிடாதீர்கள். மின்னோட்டம் ஓடாதபோது, துருப்பிடித்த இணைப்பு வழியாகவும் 12 வோல்ட் காட்டும். சுவிட்சை அழுத்திப் பிடித்தபடியே மோட்டாரின் இரண்டு ஒயர்களுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அது 7, 8 வோல்ட்டுக்கு விழுந்து, அதே நேரம் பேட்டரியில் 12 நின்றால், கோளாறு பெரும்பாலும் ஒயரிலோ சுவிட்சிலோ கிரவுண்டிலோதான் (டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருக்கும் மைனஸ் இணைப்பு). என் டிரெய்லரில் கிரவுண்டு போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டும் துருவும் அப்பிக் கிடந்தன. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்கினேன், ஜாக் இறங்கிவிட்டது. அழுத்தும்போதும் மோட்டாரில் முழு 12 வந்து, சத்தமே இல்லையென்றால், சரி, அப்போது மோட்டாரைச் சந்தேகப்படலாம். அப்புறம், ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஒயர் உருகிவிடும்.