பெரிய பைக் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள்

ஸ்கூட்டரில் நெடுந்தூரம் போக ஆசையாக இருக்கிறது என்று யாராவது வாய் திறந்தால் போதும், பதில் தயாராக இருக்கும். "முதலில் ஒரு நல்ல பைக் வாங்குங்கள், அப்புறம் பார்க்கலாம்." சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டே கிளம்பாமல் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பைக்குக்குப் பணம் சேர்ப்பார்கள். சேரும் நேரத்தில் வேறொரு செலவு வந்து நிற்கும். வருடங்கள் ஓடும், முதுகு வலி வரும், விடுப்பு கிடைக்காது. ஆசை மட்டும் அப்படியே இருக்கும்.

நான் ஓட்டுவது சாதாரண 110 சிசி ஸ்கூட்டர். கடைக்கும் வேலைக்கும் போய்வருகிற அதே வண்டியில்தான் மலைப்பாதை, கடலோரச் சாலை எல்லாம் போகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடும்பயணத்துக்கு சின்ன ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். பெரிய பைக்கின் வேகத்தை அதனிடம் கேட்டால்தான் அது போதாமல் போகும்.

இது ஒன்றும் புதுப் பேச்சு இல்லை. இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். 1946-ல் வந்த அந்த முதல் வெஸ்பாவின் எஞ்சின் 98 சிசி, சக்கரம் 8 அங்குலம். பக்கத்து வேலைகளுக்குப் போய்வர என்று வந்த அந்த வகை வண்டியை எடுத்துக்கொண்டு மனிதர்கள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள்! 1962-ல் ஸ்பெயின் மாணவர்கள் இருவர் ஒரு வெஸ்பாவில் 79 நாட்களில் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். ஓவியர் சால்வதோர் டாலி கையெழுத்துப் போட்ட அந்த வண்டி இன்றும் இத்தாலியில் பியாஜியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தாலிக்காரர் ஜார்ஜோ பெத்தினெல்லி 1992-ல் ரோமிலிருந்து வெஸ்பாவில் கிளம்பி மறு வருடம் வியட்நாமின் சைகோன் போய்ச் சேர்ந்தார். பிறகு அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரை. அப்புறம் மெல்போர்னிலிருந்து கேப் டவுன். 1997-ல் சிலியில் தொடங்கிய அடுத்த பயணம் டாஸ்மேனியாவில் முடிய ஏறக்குறைய நான்கு வருடம் ஆனது. மொத்தம் 1,44,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்குச் சராசரியாக நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். அவ்வளவு பெரிய தூரத்தை அந்த மனிதர் அவசரமே இல்லாமல் கடந்திருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

நெடும்பயணம் என்றாலே ஒரே நாளில் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு வந்துவிடுகிறது. 24 மணி நேரத்தில் 1,600 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால் சான்றிதழ் தருகிற அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது. அதை விரும்பிச் செய்பவர்கள் செய்யட்டும், அதற்கும் ஒரு தயாரிப்பும் ஒழுக்கமும் உண்டு. ஆனால் அதையே பயணத்தின் அளவுகோலாக எல்லோர் தலையிலும் வைப்பது தவறு. ஸ்கூட்டரை நாள் முழுக்கக் கடைசிவரை முறுக்கி ஓட்டி, 'என் வண்டியிலும் முடியும்' என்று நிரூபிக்கக் கிளம்புகிறவர்களையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

ஏன் என்றால் கணக்கு அப்படி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி கன மடங்கில் கூடுகிறது. மணிக்கு 50 கிமீ வேகத்தில் காற்றைத் தள்ள எவ்வளவு சக்தி வேண்டுமோ, 70-ல் அதைப் போல 2.7 மடங்கு வேண்டும். நம் வண்டியில் இருப்பதே 8 குதிரைத்திறன் அளவுதான். 50, 55-ல் போகும்போது எஞ்சின் சத்தமில்லாமல் நாள் முழுக்க இழுக்கும். 75-ல் வைத்தால் கையில் மிச்சமே இருக்காது. எதிர்க்காற்று வந்தாலும் சின்ன ஏற்றம் வந்தாலும் திணறும், மைலேஜ் விழும், சூடு ஏறும். 50-ல் ஓட்டினால் நின்று நிதானித்துப் போனாலும் ஒரு பகலில் 200, 250 கிலோமீட்டர் வந்துவிடும். அதற்கு மேல் எதற்கு?

இந்த வேகத்தில் போவதாக முடிவு செய்துவிட்டால் சாலையும் தானாக முடிவாகிவிடும். பெரிய நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல் பறக்கும் கார்களுக்கும் வேகமாகப் போகும் லாரிகளுக்கும் நடுவே 50-ல் ஓட்டுவது ஆபத்து. ஜப்பானில் 125 சிசி வரையான வண்டிகளுக்கு விரைவுச் சாலையில் அனுமதியே கிடையாது. நமக்கு உரியது பழைய சாலை, ஊர்களின் வழியாக வளைந்து போகிற சாலை. மரம் இருக்கும், நிழல் இருக்கும், நிறுத்த இடம் இருக்கும், ஏதாவது ஆனால் கேட்க ஆள் இருக்கும். பெரிய பைக் வைத்திருப்பவர்கள் இந்தச் சாலையைத் தேடிப் போக வேண்டும். ஸ்கூட்டர்காரருக்கு இதுதான் பிரதான சாலை.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆனால் பயமுறுத்துகிறவர்கள் சொல்லும் இடத்தில் இல்லை. 'ஏறாது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏறும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் எஞ்சினின் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும், மெதுவாக ஏறும், ஆனால் ஏறிவிடும். கவனம் வேண்டியது இறக்கத்தில். கியர் வண்டியில் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியரில்லாத ஸ்கூட்டரில் அந்த வசதி இல்லை. உள்ளே இருப்பது எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்தின் பக்கம் கொண்டுபோகும் ஒரு பெல்ட்டும், சுழற்சி வேகத்தைப் பொறுத்துத் தானாகப் பிடிக்கவும் விடவும் செய்கிற ஒரு கிளட்ச்சும்தான். ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்தக் கிளட்ச் விட்டுவிடும். அப்புறம் வண்டி, நீங்கள், பை எல்லாம் சேர்ந்து வெறும் சுமையாக இறங்கும். பிடிப்பதற்குப் பிரேக் மட்டும்தான்.

தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஒரு நீண்ட மலை இறக்கத்தில் நன்றாகக் கவனித்திருக்கிறேன். முதலில் கருகல் வாடை வரும். அப்புறம் லீவர் கைக்கு அருகே அருகே வரும். சக்கரத்தோடு சுற்றும் டிரம், சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகுவதால் அப்படி. அதே அழுத்தத்துக்குப் பாதி பிடிமானம்தான் கிடைக்கும். அதனால் இறங்கும் முறையே வேறாக இருக்க வேண்டும். 25, 30-க்கு மேல் வேகத்தை ஏற விடக்கூடாது. விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், இரண்டு பிரேக்கையும் பகிர்ந்து பிடிக்க வேண்டும். கிளட்ச் விட்டுவிட்டது என்று தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும், எஞ்சின் கொஞ்சம் தாங்கும். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, டிரம் ஆறும்வரை உட்கார்ந்து மலையைப் பார்க்க வேண்டியதுதான். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று சக்கரம். 10 அங்குலச் சக்கரத்துக்கு எந்தப் பள்ளமும் பெரிய பள்ளம்தான். 17 அங்குலச் சக்கரம் தாண்டிப் போகிற குழியில் இது இறங்கி ஏறும். ஒரு கிலோமீட்டருக்கு எழுநூறு முறைக்கு மேல் சுற்றுகிறது என்பதால் டயரும் சீக்கிரம் தேயும். தேய்ந்த டயரோடு நெடும்பயணம் கூடவே கூடாது, அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். இருட்டிய பிறகு நான் ஓட்டாமல் இருப்பதும் இதனால்தான். சின்ன வண்டியின் விளக்கில் குழி தெரியும்போது சக்கரம் ஏற்கெனவே அதில் இருக்கும்.

சாமான் கட்டுவதில் பெரும்பாலானவர்கள் செய்வது தலைகீழ். ஸ்கூட்டரில் எஞ்சின் பின்சக்கரத்தோடு ஒட்டியே இருக்கிறது. ஓட்டுபவரின் எடையும் பின்னால்தான் விழுகிறது. அதற்கும் பின்னால் கேரியரில் ஒரு பெட்டியை மாட்டி அதில் கனமானதை எல்லாம் திணித்தால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். கனமானது கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும். ஸ்பானர், பஞ்சர் கிட், தண்ணீர் இதெல்லாம் காலடியிலோ சீட்டுக்கு அடியிலோ. துணி மாதிரி லேசானது மட்டும் பின்னால். காலடியில் தட்டையான இடம் என்பது எந்தப் பெரிய பைக்கிலும் கிடைக்காத வசதி, ஆனால் கால் வைக்க இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும்.

பஞ்சரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வெஸ்பாக்களில் ஸ்டெப்னி கூடவே வரும். இப்போதைய ஸ்கூட்டர்களில் அது இல்லை, பலவற்றில் பின்சக்கரத்தைக் கழற்ற சைலன்சரையும் கழற்ற வேண்டும். அதனால் டியூப்லெஸ் டயராக இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலேயே அடைக்கும் கிட்டும் ஒரு கைப்பம்பும் எப்போதும் வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு முறை அடைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் எல்லோரும் மறப்பது பெல்ட். ஆயில் மாற்றுவார்கள், பிரேக் பார்ப்பார்கள், இடது பக்க மூடியை மட்டும் யாரும் திறக்கச் சொல்வதில்லை. திறந்தால் உள்ளே கரித்தூள் மாதிரி கறுப்பாகப் படிந்திருக்கும், பெல்ட் தேய்ந்து உதிர்ந்த தூள் அதில் சேர்ந்திருக்கும். பெல்ட்டைக் கழற்றி உள்பக்கப் பற்களை வெளிநோக்கி வளைத்துப் பாருங்கள். பற்களின் அடியில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், கிலோமீட்டர் கணக்கு இன்னும் பாக்கி இருந்தாலும் சரி. அகலத்தை அளந்து, வண்டியோடு வரும் கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். வழியில் பெல்ட் அறுந்தால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. பஞ்சர் போல ஓரமாக உட்கார்ந்து சரிசெய்கிற வேலையும் இல்லை. பெல்ட் ஓடும் முன்பக்கக் கப்பிக்குள் இருக்கும் சின்ன உருளைகளான ரோலர்களில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றிவிடலாம். எஞ்சினில் இருப்பதே முக்கால் லிட்டர் அளவு ஆயில்தான், எனவே பயணத்தில் தினமும் காலையில் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். 5 லிட்டர் டேங்க் 200 கிலோமீட்டர் தாண்டும் என்றாலும், பாதி ஆனதும் நிரப்பிவிடுவேன்.

உடம்புக்கும் ஓய்வு வேண்டும். நிமிர்ந்து உட்காருவதால் குலுக்கல் நேராக முதுகெலும்பில் ஏறுகிறது, முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடிக்கவும் வழியில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடந்தால் மாலை வரை தாங்கும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய பைக் எல்லோருக்கும் ஆகிற வண்டி இல்லை. நெடும்பயணத்துக்கென்றே விற்கப்படும் பல பைக்குகளின் எடை 200 கிலோவுக்கு மேல், சீட் உயரம் 800 மில்லிமீட்டரைத் தாண்டும். உயரம் குறைந்தவர்களுக்குக் கால் எட்டாது. விழுந்தால் தனியாகத் தூக்கி நிறுத்த முடியாது. ஸ்கூட்டர் நூறு கிலோ சொச்சம், சீட் 760, 770 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அறுபதைத் தாண்டியவர்கள், முட்டி வலி உள்ளவர்கள், பைக்கே ஓட்டிப் பழகாத ஏராளமான பெண்கள் ஆகியோரிடம் ஏற்கெனவே ஸ்கூட்டர் இருக்கிறது, நன்றாக ஓட்டவும் தெரியும். 'முதலில் நல்ல பைக் வாங்கு' என்று சொல்லும்போது நாம் இவர்களை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

குழுவாகப் பயணம் போகிறவர்கள் போடும் அறிவிப்புகளிலும் இதுதான் நடக்கிறது. '150 சிசிக்கு மேல் மட்டும்' என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை பேர் அப்படியே நகர்ந்து போகிறார்கள் என்பது போடுகிறவர்களுக்குத் தெரியாது. குழுவின் வேகம் குலையக்கூடாது, யாரும் பின்தங்கித் தனியாக மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலைக்கு சிசி பதில் இல்லை. 200 சிசி வைத்துக்கொண்டு பின்தங்குகிறவரும் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், சாலையில் என்ன வேகத்தில் போவீர்கள், எத்தனை மணிக்குள் சேர வேண்டும், நீண்ட இறக்கம் எங்கே வருகிறது என்று எழுதுங்கள். எங்கெங்கே எல்லோரும் நின்று ஒன்றுசேர்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, வரலாமா, இல்லை இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாமா என்பதை ஸ்கூட்டர் வைத்திருப்பவர் தானே முடிவு செய்துகொள்வார்.