நுவரெலியாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்
“இலங்கை வெயில் நாடு, நாலு பருத்திச் சட்டை போதும், டிசம்பரில் மழையும் இருக்காது” என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். கொழும்பு, காலி வரைக்கும் சட்டை விஷயம் சரி. ஆனால் நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். நம்ம கம்பத்தில் வியர்க்க வியர்க்க பஸ் ஏறி, குமுளியில் இறங்கியதும் துண்டை எடுத்துக் காதை மூடுகிறோமே, அந்த ஏற்றத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் அது. ஜனவரி இரவில் 10 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும்.

போன ஜனவரியில் நான் ஜீன்ஸை அங்கே துவைத்துப் போட்டேன், இரண்டு நாளாகியும் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருந்தது, அப்படியே கவரில் சுருட்டி எடுத்து வந்தேன். அதனால் சீக்கிரம் காயும் பேன்ட்தான் நல்லது.

மழைக்கு வருவோம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கில் பெய்யும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் நன்றாகவே நனைவீர்கள். சிவனொளிபாதமலை ஏறுபவர்கள் மாற்றுச் சட்டை ஒன்றைத் தோள்பையிலேயே வையுங்கள், ராத்திரி வியர்த்து ஏறி உச்சியில் விடியலுக்குக் காத்திருக்கும்போது அந்த ஈரச் சட்டையோடு காற்றில் நிற்க முடியாது. வயசான அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் குரங்குக் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.